திலகவதியாரின் திருவலகும் நாவரசரின் உழவாரமும்

சிவாலயந்தோறும் அறுபான்மும்மை நாயன்மாருடைய திருவுருவங்கள் வரிசையாக எழுந்தருளியிருக்கின்றன. அவற்றுள் திருநாவுக்கரசு நாயனாரை இன்னார் என அறிதற்கு அருகிற் சென்று திருமுகத்தை உற்றுநோக்க வேண்டுவதில்லை. திருத்தோளைச் சார்ந்து நிற்கும் உழவாரமே அவரை உணர்த்திவிடும். நாவுக்கு அரசர் என்று இறைவனாலேயே பெயர் பெற்றவர் அவர். அப்பெயர்க்கேற்ப ஓலைச்சுவடியையன்றோ சிற்பி அவர்க்கு அடையாளமாக அமைத்தல் வேண்டும்? அங்ஙனமாகாமல், மரக்காம்பின் நுனியில் அகன்ற இரும்பலகு பூண்ட, புற்செதுக்குங் கருவியொன்றே அவர்க்கு உரிய அடையாளமாயிற்று. சைவ மரபு அவரை முதலிற் கைத்தொண்டராகவே கண்டது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேறில்லை.

அக்கைத்தொண்டை அவர் யாரிடத்துக் கற்றார் என்னும் வினா பெரும்பாலும் எழுவதில்லை. எழுப்பி ஆராயின், அதன் விடை திருவதிகைத் திருக்கோயிலின் முற்றத்தில், பெயர் பெரிதும் பேசப்படாத ஓர் அம்மையாரின் கையிலிருந்த திருவலகிலே சென்று முடிகின்றது. அவ்வரலாறு தன்னலமற்ற தொண்டு இன்னது என்பதை உணர்த்துவதாகலின், ஈண்டு ஆராயற்பாலது.

திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரில், வேளாண் மரபில், குறுக்கையர் குடியில், புகழனார்க்கும் மாதினியார்க்கும் மகளாராய்த் தோன்றியவர் திலகவதியார். அவர்க்குச் சில ஆண்டுகள் பின்னர்ப் பிறந்த தம்பியாரே மருள்நீக்கியார். திலகவதியார்க்கு 12 ஆண்டு நிரம்பும் அளவில், அரசனிடத்துப் படைத்தலைமை பூண்டிருந்த கலிப்பகையார் என்பார்க்கு அவரை மணம்பேசி இசைந்தனர். மணம் நிகழுமுன்னர் அரசன் ஏவலால் கலிப்பகையார் வடபுலப் போர்மேற் சென்றார். அவர் சென்றிருந்த நாளில் புகழனார் நோயுற்று விண்ணுலகெய்தினார். மாதினியாரும் கணவரைத் தொடர்ந்தார். அத்துயர் ஆறுமுன்னரே கலிப்பகையார் போர்க்களத்தில் உயிர் துறந்தார் என்னும் செய்தியும் வந்தெய்திற்று. தந்தையும் தாயும் தம்மை அவர்க்கென இசைந்தமையால் தம் உயிரும் அவர்க்கே உரியது எனத் துணிந்த திலகவதியார், உயிர் விடுதற்கு ஒருப்பட்டார். மருள்நீக்கியார் அவர்தம் அடிகளில் வீழ்ந்து, பெற்றோர்க்குப் பின்னும் தாம் உயிர் வைத்திருப்பது தமக்கையாரைத் தொழுதற்கே என்றும், அவர் நீங்கின் தாம் முன்னரே உயிர் நீப்பதாகவும் கூறி அழுதார். அவ்வழுகைக்கு இரங்கி அம்மையார் உயிர் தாங்கினார்.

இவ்விடத்து ஒன்று உற்று நோக்கற்பாலது. இறத்தல் அன்று அவர்க்கு எளிதாயிருந்தது, இருத்தலே அரிதாயிருந்தது. அவ்வரியதனை அவர் மேற்கொண்டது தம்பொருட்டன்று, பிறன் ஒருவன் வாழ்தற்பொருட்டு. அணிகலன் பூணுதலை நீத்து, எல்லா உயிர்களிடத்தும் இரக்கம் பூண்டு, இல்லத்திலிருந்தே அவர் தவம் செய்தார் என்பது சேக்கிழார் பெருமான் கருத்து. தமக்கென ஒரு பயனும் வேண்டாது பிறர்க்கென வாழ்தலைத் தவம் என்னும் சொல்லாற் குறித்த நயம் போற்றற்குரியது.

மருள்நீக்கியார் வளர்ந்து, செல்வத்தின் நிலையாமையையும் யாக்கையின் நிலையாமையையும் எண்ணி, தம் பெரும்பொருளை அறத்தின் வழியிற் செலவிடத் தொடங்கினார். அறச்சாலைகள் அமைத்தார், தண்ணீர்ப்பந்தர் வைத்தார், சோலைகள் வளர்த்தார், குளங்கள் தொட்டார், விருந்தினரை ஓம்பினார், புலவர்க்கும் இரவலர்க்கும் வரையாது வழங்கினார். இவையெல்லாம் உயர்ந்த அறங்கள் என்பதில் ஐயமில்லை. எனினும் இவற்றால் அவர்தம் உள்ளம் நிலைபெறவில்லை. நிலையான மெய்ப்பொருளை நாடிப் பாடலிபுத்திரம் என வழங்கிய திருப்பாதிரிப்புலியூரை அடைந்து, ஆங்கிருந்த சமணப் பள்ளியிற் சேர்ந்தார். அப்பள்ளி கல்வியிற் சிறந்த பழம்பள்ளி, கி.பி. 458-இல் சருவநந்தி என்னும் முனிவர் ‘லோகவிபாகம்’ என்னும் நூலை எழுதி முடித்த பாடலிகை என்னும் ஊர் இதுவே என்பர் ஆராய்ச்சியாளர். ஆங்கு மருள்நீக்கியார் கலைகள் பலவற்றையும் கற்றுத் தருமசேனர் என்னும் பெயரோடு தலைமையும் எய்தினார்.

பொருளால் அறம் செய்தவரும், கல்வியால் தலைமை பெற்றவரும் ஆகிய ஒருவர் இன்னும் அமைதி பெறாதிருந்ததன் காரணம் யாது? கொடுத்தபோது கொடுப்பவர் ஒருவர் இருந்தார். கற்றபோது கற்றவர் ஒருவர் இருந்தார். யான் எனது என்னும் செருக்கு அறத்தினிடையிலும் கல்வியினிடையிலும் மறைந்து வாழவல்லது. அதனைக் களைதற்குரிய வழியை அவர் பின்னர்க் கண்டது தமக்கையாரிடத்தேயாம்.

தம்பியார் சென்றபின் திலகவதியார் சுற்றத் தொடர்பை நீங்கி, கெடில நதியின் பாங்கர் விளங்கும் திருவதிகை வீரட்டானத்தை அடைந்து, ஆங்கொரு மடத்தில் தங்கினார். அவர் மேற்கொண்ட பணிகள் மிகச் சிறியன. வைகறையில் எழுந்து திருக்கோயிலின் உள்ளும் புறமும் திருவலகிட்டார். ஆனின் சாணத்தாற் திருமெழுக்கிட்டார். நந்தவனத்து மலர் கொய்து மாலை தொடுத்தார். மறுநாளும் இவையே. அதன் மறுநாளும் இவையே. ஒருநாள் அலகிட்ட முற்றத்தில் மறுநாள் சருகு வீழும். ஒருநாள் தொடுத்த மாலை மறுநாள் வாடும். குளந்தொட்டவன் குளத்தைக் காட்டலாம். சாலை அமைத்தவன் சாலையைக் காட்டலாம். அலகிட்டவர்க்குக் காட்டுதற்கு ஒன்றுமில்லை. செய்ததன் அடையாளம் அன்றே அழிந்துபோகின்ற தொழில் அது. ஆகலான் செய்பவரது தற்பெருமை பற்றிக்கொள்ளுதற்கு அதன்கண் இடமில்லை.

அன்றியும், அம்முற்றத்தில் அடிவைத்து வழிபடுவோர் எண்ணிறந்தோர். நெருஞ்சிமுள் நீங்கிய வழியிலே வலம்வந்த முதியோர், அம்முள்ளை நீக்கியவர் யார் என வினவியிரார். நீக்கிய அம்மையாரும் அதனால் நலம் பெற்றவர் யார் என அறிந்திரார். பயன்பெற்றவனும் பயன்செய்தவரும் ஒருவரையொருவர் அறியாத இந்நிலையே தன்னலமற்ற தொண்டின் தூயநிலையாகும். இறைவன் திருமுன்னர்ச் செய்யும் பணி, உயிர்கட்குச் செய்யும் பணியாகவும் அமைவது இவ்வாற்றானே.

இங்ஙனம் பணிசெய்து வருநாளில் அம்மையார் இறைவனை வேண்டியதும் தமக்கென ஒன்றன்று. தம்பியாரை மீட்டு ஆட்கொள்ளவேண்டும் என்பதேயாம். இறைவன் அதற்கிசைந்து அருளியவாறு தருமசேனர்க்குக் கொடிய சூலைநோய் கண்டது. மந்திரங்களும் மருந்துகளும் பயன்படாமையால் அவர் தமக்கு உணவு சமைப்பவனைத் தமக்கையாரிடம் விடுத்தார். அவன் வந்தபோது அம்மையார் இருந்த இடம் நந்தவனத்தின் புறம் என்று சேக்கிழார் குறிக்கின்றார். சமணப் பள்ளிக்குத் தாம் வாரார் என அவர் விடைகூற, நோயாளராகிய தம்பியார் பாயும் பீலியும் உறிக்குண்டிகையும் நீத்து, வெள்ளாடை உடுத்து, இரவிலே திருவதிகையை அடைந்து அவர் திருவடிகளில் வீழ்ந்தார்.

பல்லாண்டு பிரிந்திருந்த தம்பி நோயொடு வந்து வீழ்ந்த அவ்விரவில் அம்மையார் கடிந்துரைத்தாரல்லர். தம் கொள்கை வென்றது எனச் செருக்கினாருமல்லர். இறைவன் அருளை நினைந்து, திருவைந்தெழுத்தோதித் திருநீறு கொடுத்தார். பின்னர்த் திருப்பள்ளியெழுச்சிப் பொழுது அணுகிற்று. அப்பொழுது அவர் திருவலகும், திருமெழுக்கும், தோண்டியும் கையிற்கொண்டு, தம்பியாரையும் உடன்கொண்டு திருக்கோயில் புகுந்தார். வாழ்நாள் முழுதும் வேண்டிய வேண்டுகோள் நிறைவேறிய அந்நாளிலும் அவர் அலகிடுதலை விட்டிலர். இச்செய்தியை வழிநடைச் செய்தியாகக் கழித்துவிடுதல் பொருந்தாது. நாட்கடன் என்பதன் இலக்கணம் இதன்கண்ணே அடங்கியுள்ளது. துன்பநாளில் விடாதிருத்தல் அரிது. இன்பநாளில் விடாதிருத்தல் அதனினும் அரிது.

அவ்வைகறையில் மருள்நீக்கியார் வீரட்டானத்திறைவனை முதற்பதிகம் பாடி நோய் நீங்கினார். நாவுக்கரசு என்னும் பெயரும் பெற்றார். அரசு என்னும் பெயர் பெற்றவுடன் அவர் செய்தது யாது? மனத்தால் தியானமும், வாக்கால் பாடலும், காயத்தால் உழவாரப் பணியும் என முக்கரணங்களையும் தொண்டிற் படுத்தினார். தமக்கையார் கையில் அலகு. தம்பியார் கையில் உழவாரம். ஒன்று சருகை நீக்குவது. மற்றொன்று புல்லையும் முள்ளையும் வேரொடு நீக்குவது. திருவாரூர்த் திருத்தாண்டகம் ஒன்றில் அவர் தம் நெஞ்சை விளித்து, நிலைபெற எண்ணுவையாயின் நாள்தோறும் பொழுது புலருமுன்னர்க் கோயில் புகுந்து, கூட்டி, மெழுகி, மாலை புனைந்து, ஏத்துக என அறிவுறுத்துகின்றார். அவ்வறிவுரையின் முறைவைப்பை நோக்குவார்க்குத் திருவதிகையில் தமக்கையார் பின்சென்ற அந்த வைகறை நினைவிற்கு வாராதிராது. செல்வமும் கல்வியும் தாராத நிலைபேற்றை அவர் அம்முற்றத்திற் பெற்றார்.

இதன்பின் நிகழ்ந்தவை உலகறிந்தவை. நீற்றறையும், நஞ்சும், யானையும், கற்றூணும் அவரைத் தீண்டவில்லை. அவரைத் துன்புறுத்திய பல்லவ மன்னனும் சைவனாகி, திருவதிகையிற் குணபர ஈச்சரம் என்னுங் கோயிலெடுத்தான். குணபரன் என்பது 7-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மனது விருதுப்பெயர். சிராப்பள்ளிக் குன்றின் குடைவரைக் கல்வெட்டும் அவன் வேற்றுநெறியினின்று இலிங்க வழிபாட்டிற்குத் திரும்பியதைக் குறிக்கின்றது. பேரரசன் வணங்கிய பின்னரும் நாவரசர் கையினின்று உழவாரம் நீங்கவில்லை என்பதே ஈண்டுக் கருதத்தக்கது. கடம்பூர்த் திருக்குறுந்தொகையில் தம் கடனையும் இறைவன் கடனையும் அவர் வகுத்துரைத்தார். தம்மைத் தாங்குதலை இறைவன் பாலதாக விடுத்து, தொண்டினை மட்டும் தம் பாலதாகக் கொண்டார். தன்னைக் காத்துக்கொள்ளும் கவலை ஒழிந்தவனுக்கன்றிப் பிறர்க்குழைத்தற்கு முழுமையான கை வாயாது.

கைத்தொண்டின் பயன் பிறர் பசியைத் தீர்ப்பதாக நின்ற வரலாறு திருவீழிமிழலையில் நிகழ்ந்தது. நாட்டிற் பஞ்சம் பரவிய காலத்து, ஆங்கு எழுந்தருளியிருந்த திருஞானசம்பந்தர்க்கும் திருநாவுக்கரசர்க்கும் இறைவன் நாள்தோறும் கிழக்கும் மேற்குமுள்ள பீடங்களில் ஒவ்வொரு பொற்காசு வைத்தருளினான். அக்காசு கொண்டு இருவர் மடங்களிலும் அடியார்க்கு அமுதூட்டப்பட்டது. ஆயினும் நாவரசர் மடத்தில் உரிய பொழுதில் உணவு அமைந்தது. பிள்ளையார் மடத்தில் காலந்தாழ்த்தது. காரணம் வினவியபோது, பிள்ளையார் பெற்ற காசு கடைத்தெருவில் வாசி கழித்து மாற்றப்படுகின்றது என்றும், நாவரசர் பெற்ற காசு வாசியின்றி ஏற்கப்படுகின்றது என்றும் மடத்தார் தெரிவித்தனர். நாவரசர் மெய்வருந்திக் கைத்தொண்டு செய்பவராகலின் அவர்க்கு வாசியில்லாக் காசு வாய்த்தது என்பதனைச் சேக்கிழார் குறிப்பித்தருளினார். பிள்ளையாரும் வாசி நீங்க வேண்டிப் பதிகம் பாடி நற்காசு பெற்றார். ஞானப்பாலுண்டவராய், தாமே சிவிகையிலிருந்து இறங்கி அப்பரே என விளித்துப் போற்றுபவராய் விளங்கிய பிள்ளையாரிடத்து ஒரு குறை கூறுதல் இவ்வரலாற்றின் கருத்தன்று. பசித்தவர் வாயிற்படி நின்று காத்திருக்கும்போது, உழைத்த கையின் காசு ஒரு நாழிகை முன்னர்ச் சோறாகின்றது என்பதே கருத்து.

தொண்டிற்குப் பெயர் வேண்டுமோ என்னும் வினாவிற்கு விடை திங்களூரில் உள்ளது. அப்பூதியடிகள் என்னும் அந்தணர், நாவரசரைக் கண்டறியாதவராயிருந்தும், தம் மக்கட்கும், தாம் அமைத்த சாலைக்கும், குளத்திற்கும், தண்ணீர்ப்பந்தர்க்கும் திருநாவுக்கரசு என்னும் பெயரையே இட்டார். வழிச்சென்ற நாவரசர் அப்பந்தரைக் கண்டு, நும் பெயர் எழுதாது வேறொரு பெயர் எழுதியது என்னை என வினவ, அப்பூதியார் அவ்வினாவிற்கே வெகுண்டார். நாவரசரோ தம் பெயரைச் சொல்லாமல், சூலைநோயால் ஆட்கொள்ளப்பெற்ற சிறுமையேன் என்றளவே தம்மை உணர்த்தினார். அறஞ்செய்தவர் தம் பெயரை மறைத்தார்; அப்பெயர்க்குரியவரும் அதனை ஏற்க நாணினார். இருவரிடையேயும் பெயர் ஒருவராலும் உரிமை கொள்ளப்படாது நின்றது. வழிப்போக்கர்க்குத் தண்ணீர் மட்டும் கிடைத்தது. பின்னொருநாள் திருப்பூந்துருத்தியில் நாவரசர் கூட்டத்தினுள் ஒருவராய் மறைந்து பிள்ளையாருடைய சிவிகையைத் தாங்கினார்; அப்பர் எங்குற்றார் எனப் பிள்ளையார் வினவிய பின்னரே தாம் இருந்த இடத்தைப் புலப்படுத்தினார்.

இறுதியாகத் திருப்புகலூரில், முதுமைக் காலத்தும் அவர் உழவாரங்கொண்டு திருமுற்றம் திருத்திவந்தார். அப்பணியின் உண்மையை உலகறியச் செய்வான் கருதிய இறைவன், அவர் செதுக்கும் இடமெங்கும் பொன்னும் நவமணியும் பொலிய வைத்தான். நாவரசர் பருக்கைக்கல்லையும் மணியையும் வேறுபாடின்றி உழவாரத்தால் ஏந்திக் குளத்தில் எறிந்தார். இளமையிற் பொன்னை அறத்திற் செலவிட்டவர், முதுமையிற் பொன்னை முற்றத்துக் குப்பையெனக் கண்டார். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவே அவர் கடந்த வழி. அவ்வழியிற் செல்ல அவர்க்கு ஊன்றுகோலாயது உழவாரம்.

பிற்காலச் சோழர் ஆட்சியில் இப்பணிகள் நிலையான ஏற்பாடுகளாயின. திருமெழுக்குப்புறம் என்னும் பெயரால் மெழுகுவார்க்கு நிலம் விடப்பட்டமையையும், நந்தவனப்புறம் என்னும் பெயரால் பூந்தோட்டத்திற்கு நிலம் விடப்பட்டமையையும் கல்வெட்டுக்கள் கூறும். தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் முதலாம் இராசராசன் திருப்பதியம் விண்ணப்பஞ்செய்யவும் உடுக்கை, கொட்டிமத்தளம் வாசிக்கவும் 50 பேரை நியமித்தான். பணிசெய்வார்க்கு வாழ்வளித்தல் அரசர்க்கும் ஊரார்க்கும் கடன். அதனாற் பணியின் தூய்மை குறைவதில்லை. ஆனால் கூலிக்குரியவர் ஒருவர் உளர் என்பதுபற்றி ஏனையோர் தம் கையை மடக்கிக்கொள்ளுதல் சைவமன்று. நிலம் விட்டவர் பொருளால் தொண்டரானார். கையால் தொண்டராகும் வாயில் அதனால் அடைபடவில்லை.

அற்றேல், அலகிடுதலும் மெழுகுதலும் சரியை எனப்படும் முதற்படியாமன்றோ? அருள்நந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரில் இவற்றைத் தாதமார்க்கத்தில் வைத்து, சாலோகத்தைப் பயனாகக் கூறினாரன்றோ? ஞானமே வீட்டிற்கு நேரே வாயிலாயின், கைத்தொண்டு தொடக்கநிலையார்க்கு மட்டும் உரியதாமன்றோ எனின், அங்ஙனம் கூறுதல் சாத்திரத்தின் முழுநோக்கை நோக்காதார் கூற்றேயாம். மெய்கண்ட தேவர் அருளிய சிவஞானபோதத்தின் 12 சூத்திரங்களுள் இறுதிச் சூத்திரம், மலங்கழுவிய சீவன்முத்தர்க்கு விதித்தது யாது? அன்பரோடு கூடியிருந்து, அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் சிவனெனவே தொழுதலாம். ஞானத்தின் முடிவிலும் அடியாரும் ஆலயமும் விடப்படவில்லை. தொடக்கத்திற் பணி செய்தவன் பயன் கருதியிருத்தல் கூடும். முடிவிற் பணி செய்பவன் பயன் கருதுதற்கு இடமின்றிச் செய்கின்றான். செயல் ஒன்றே, செய்பவன் ஒழிந்தான் என்பதே வேறுபாடு. ஆகலான் சரியை ஏறிக் கழித்துவிடும் படியன்று, மேல்நிலைகளிலும் உடன் வருவதாம். சரியை நெறிக்கு எடுத்துக்காட்டாகக் கூறப்படும் நாவரசர், இறைவன் திருவடியைத் தலைமேற் சூடப்பெற்ற பின்னரும் உழவாரம் ஏந்தினமை இவ்வுண்மையை நிலைநாட்டும்.

இனி, இவ்வரலாற்றின் தொடக்கத்தே நின்ற அம்மையாரின் நிலையைக் காண்போர்க்கு ஒரு வியப்பு உளது. சுந்தரமூர்த்தி நாயனார் பாடிய திருத்தொண்டத் தொகையில் திலகவதியார்க்குத் தனியிடம் இல்லை. தனியடியார் 63-வருள் அவர் எண்ணப்படுவதில்லை. 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குலோத்துங்கன் காலத்துச் சேக்கிழார் பெருமானே அவர் சரிதத்தைத் தம்பியார் சரிதத்தினுள் விரித்துப் பாடினார். அவரும் அம்மையாருடைய இறுதிநாளை விரித்திலர். தம்பியார்க்கு நாவரசு என்னும் பெயர் கிடைத்த பின்னர், தமக்கையார் அலகோடு வரலாற்றின் ஓரத்தில் ஒதுங்கிவிடுகின்றார்.

இது அவர்க்கு இழப்பென எண்ணுவார் தொண்டின் இயல்பை அறியாதார். தொகையுட் பெயரிருத்தல் கருதி அலகிட்டாராயின் அவர் திலகவதியாராகார். நாவரசர் பாடிய ஒவ்வொரு பதிகத்திலும், செதுக்கிய ஒவ்வொரு முற்றத்திலும், மிழலையில் பசி தீர்ந்த ஒவ்வோர் அடியாரிடத்தும் அவ்வம்மையாருடைய வைகறைப் பணி உள்நின்று பயன் தந்தது. வேர் காணப்படாமையால் மரத்திற்குக் குறைவில்லை, வேருக்கும் குறைவில்லை.

இந்நாளில் அன்பர்கள் திங்கட்கொருமுறை கூடி உழவாரப்பணி செய்யும் நல்வழக்கம் பல ஊர்களிலும் நடைபெறுகின்றது. அது பெரிதும் போற்றற்குரியது. அப்பணி அவ்வொருநாளோடு நில்லாமல், நாள்தோறும் ஒரு சிறுபணியாக இல்லத்திலும், தெருவிலும், திருக்கோயிலிலும் தொடருமாயின், திருவதிகை வைகறை ஊர்தோறும் புலரும். பெரிய அறங்கட்குப் பொருளும் காலமும் வாய்த்தல் வேண்டும். ஒருவர் நடக்கும் வழியிற் கிடக்கும் முள்ளை எடுத்தெறிதற்குக் கை ஒன்றே போதும். எடுத்தவர் யாரென எவரும் அறிய வேண்டுவதில்லை.

திருச்சிற்றம்பலம்.